பையில் இரண்டு நிறைகற்கள்: முழு இருதய ஆராதனை என்றால் என்ன?

ஒரு சகோதரியின் கேள்வி இது: "சிறுவயது முதல் ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டதில்லை, காணிக்கையிலும் குறை வைத்ததில்லை. ஆனாலும் பாடல் வேளையில் அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் கண்ணீர் வடித்துக் கைகளை உயர்த்தும்போது என் உள்ளம் பட்டமரம்போல் நிற்கிறது. பாதிப் பாட்டில் மதியச் சமையல் நினைவுக்கு வந்துவிடுகிறது. அப்படியானால் நான் முழு இருதயத்தோடு ஆராதிக்கவில்லையா? வேறு சபைக்குப் போனால் இது சரியாகுமா?"

கேள்வியில் இருக்கும் வேதனை எனக்குப் புரிகிறது. வேதபாட வகுப்பில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேராவது இதையே வேறு வேறு சொற்களில் கேட்பதுண்டு. நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் கேள்விக்குள் "முழு" என்ற சொல் "சூடான" என்ற பொருளில் உட்கார்ந்திருக்கிறது. வேதாகமத்தில் அந்தச் சொல்லுக்கு அது பொருளன்று. அங்கே "முழு இருதயம்" என்பது பிளவுபடாத இருதயம். அது எவ்வளவு கொதிக்கிறது என்பது வேறு கேள்வி.

முதலில் "இருதயம்" என்ற சொல்லைப் பார்ப்போம். தமிழில் இருதயம், இதயம், நெஞ்சு என்றவுடன் நமக்கு உருக்கமும் பாசமும்தான் தோன்றுகின்றன. எபிரெய மொழியின் "லேவ்" என்ற சொல்லில் உணர்ச்சி அடங்காமலில்லை. ஆனால் சிந்தனையும் தீர்மானமும் அதைவிட மிகுதியாக அதில் குடியிருக்கின்றன. நீதிமொழிகள் 24:30இல் நம் தமிழ் வேதாகமம் "மதியீனனுடைய திராட்சத்தோட்டம்" என்று சொல்லும் இடத்தில் மூலத்தில் இருப்பது "இருதயம் இல்லாத மனிதன்" என்பதே. இருதயம் இல்லாதவன் என்றால் நாம் இரக்கமற்றவன் என்று எடுத்துக்கொள்வோம்; எபிரெயர்களுக்கோ அவன் யோசனை இல்லாதவன். உள்ளத்தின் ஆழ்ந்த உணர்ச்சிகளுக்கு அவர்கள் பல இடங்களில் சிறுநீரகங்களைச் சுட்டினார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் அதை "உள்ளிந்திரியங்கள்" என்று நாசூக்காக எழுதிவிட்டதால் நமக்கு அது தெரிவதில்லை.

உபாகமம் 6:5இன் கட்டளையை இந்தப் பொருளோடு வாசித்துப் பாருங்கள்: "நீ உன் தேவனாகிய கர்த்தரிடத்தில் உன் முழு இருதயத்தோடும், உன் முழு ஆத்துமாவோடும், உன் முழுப் பலத்தோடும் அன்புகூருவாயாக." அடுத்து வரும் வசனங்கள் ஆலயத்தைப் பற்றியோ பாடலைப் பற்றியோ பேசுவதில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழுந்திருக்கும்போதும் இந்த வார்த்தைகளைப் பிள்ளைகளோடு பேச வேண்டும், வீட்டு நிலைகளில் எழுத வேண்டும் என்பதாக அவை போகின்றன. முழு இருதயத்தின் முதல் முகவரி வீடாக இருக்கிறது. இயேசு இதே கட்டளையை மேற்கோள் காட்டியது எருசலேம் தேவாலயத்தில், பலிகளின் புகை எழும்பிக்கொண்டிருந்த இடத்தில். மாற்கு 12ஆம் அதிகாரத்தின்படி, கேள்வி கேட்ட வேதபாரகனே இவ்வாறு அன்புகூருவது சகல தகனபலிகளிலும் மேலானது என்று ஒப்புக்கொள்கிறான். பலிபீடத்துக்குக் கூப்பிடுதூரத்தில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல அவனுக்குத் துணிச்சல் இருந்திருக்க வேண்டும்.

இனி "முழு" என்ற சொல். முழுமனது என்று நாம் வாசிக்கும் பல இடங்களில் எபிரெயத்தில் "ஷாலேம்" என்ற சொல் வருகிறது. சமாதானம் என்று பொருள்படும் "ஷாலோம்" பிறந்த வேரிலிருந்து வந்தது. குறைபடாத, உடையாத, நேர்மையான என்று அதற்குப் பொருள் விரியும். அந்தச் சொல் கடைத்தெருவிலும் புழங்கியது. நீதிமொழிகள் 11:1 சொல்கிறது: "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." இந்தச் "சுமுத்திரையான", அதாவது சரியான எடையுள்ள, நிறைகல்தான் மூலத்தில் "ஷாலேம்" ஆன கல். அன்றைய வியாபாரி தன் பையில் கற்களைப் போட்டுக்கொண்டு போவான். ஏமாற்றுகிறவன் பையில் ஒரே எடை என்று சொல்லப்பட்ட இரண்டு கற்கள் இருக்கும்: வாங்கும்போது கனமானது, விற்கும்போது இலேசானது. அதைத்தான் உபாகமம் 25:13 தடை செய்கிறது. அங்கே மூலத்தில் இருப்பது "கல்லும் கல்லும்" என்ற இரட்டைத்தொடர். சங்கீதம் 12:2இல் பொய் பேசுகிறவர்களைப் பற்றித் தமிழில் "இருமனதாய்ப் பேசுகிறார்கள்" என்று இருக்கும் இடத்தில், எபிரெயம் அதே அச்சில் "இருதயமும் இருதயமும்" என்கிறது. பையில் இரண்டு கல், மார்புக்குள் இரண்டு இருதயம். ஆராதனையில் ஒன்றை எடுத்துத் தராசில் வைப்பது, அலுவலகத்திலும் சொத்துப் பங்கிலும் பெண் பார்க்கும் இடத்திலும் மற்றொன்றை எடுத்து வைப்பது: வேதாகமம் கண்டிக்கும் அரைமனது இதுதான். உங்கள் கண்கள் காய்ந்திருப்பதை அது எங்கும் குற்றமாகச் சொல்லவில்லை.

இதற்கு வேதாகமத்திலேயே ஒரு முழுக் கதை இருக்கிறது. பிரசங்கங்களில் அதிகம் வராத கதை. 2 நாளாகமம் 25ஆம் அதிகாரத்தில் யூதாவின் ராஜாவாகிய அமத்சியாவை அறிமுகப்படுத்தும்போதே தீர்ப்பும் வந்துவிடுகிறது: கர்த்தரின் பார்வைக்குச் செம்மையானதைச் செய்தான்; ஆனாலும் முழுமனதோடே செய்யவில்லை. அவன் செய்தவற்றில் குறை கண்டுபிடிப்பது எளிதன்று. தன் தகப்பனைக் கொன்றவர்களுக்கு மரணதண்டனை கொடுத்தான்; ஆனால் பிதாக்களுக்காகப் பிள்ளைகள் கொல்லப்படக்கூடாது என்ற மோசேயின் நியாயப்பிரமாணத்தை மதித்து அவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டான். அந்தக் காலத்து அரசன் ஒருவன் இவ்வளவு தூரம் போனது சாதாரணமன்று.

பிறகு ஏதோமியரோடு யுத்தம் வருகிறது. யூதாவில் மூன்று லட்சம் பேரைத் திரட்டியும் போதாதென்று, வடக்கே இஸ்ரவேலிலிருந்து ஒரு லட்சம் வீரரை நூறு தாலந்து வெள்ளிக்குக் கூலிக்கு அமர்த்துகிறான். ஒரு தாலந்து 30 கிலோவுக்கு மேல் என்பதால் மொத்தம் மூன்று டன்னைத் தாண்டும் வெள்ளி. தேவனுடைய மனுஷன் ஒருவன் வந்து, அவர்களை அனுப்பிவிடு, கர்த்தர் அவர்களோடு இல்லை என்கிறான். இந்த இடத்தில் அமத்சியா கேட்கும் கேள்வியைக் கவனியுங்கள்: அப்படியானால் நான் கொடுத்துவிட்ட நூறு தாலந்துக்கு என்ன செய்வது? கர்த்தர் சொன்னது உண்மையா என்று அவன் கேட்கவில்லை. அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. முன்பணம் திரும்பி வருமா என்பதுதான் அவன் கவலை. அதைப் பார்க்கிலும் அதிகமாய்க் கர்த்தர் உமக்குக் கொடுக்கக்கூடும் என்ற பதில் வருகிறது. அவன் கீழ்ப்படிகிறான். படையை அனுப்பிவிடுகிறான், உப்புப் பள்ளத்தாக்கில் வெற்றியும் பெறுகிறான்.

கதை இங்கே முடிந்திருந்தால் அவன் விசுவாச வீரர்களின் வரிசையில் நின்றிருப்பான். ஆனால் வெற்றியோடு திரும்பும்போது, தான் தோற்கடித்த ஏதோமியரின், அதாவது சேயீர் மக்களின், தெய்வங்களைத் தூக்கிக்கொண்டு வந்து, அவற்றைத் தனக்குத் தெய்வங்களாக நிறுத்தி, அவற்றுக்கு முன் பணிந்து தூபங்காட்டுகிறான். தங்களுடைய சொந்த ஜனத்தையே உன் கைக்குத் தப்புவிக்காத தெய்வங்களை நீ நாடுவானேன் என்று தீர்க்கதரிசி கேட்கும்போது, உன்னை ராஜாவுக்கு ஆலோசனைக்காரனாக வைத்தார்களோ என்று சீறுகிறான். பணம் போகும் என்று தெரிந்தும் முன்பு கேட்ட காது, வெற்றிக்குப் பிறகு மூடிக்கொண்டது. "பணிந்து" என்று நம் வேதாகமம் சொல்லும் இடத்தில் எபிரெயத்தில் இருப்பது தேவனைத் தொழுதுகொள்வதற்குப் பயன்படும் அதே வினைச்சொல். அதாவது அமத்சியாவுக்கு ஆராதிக்கத் தெரியாமல் இல்லை. இரண்டு இடத்திலும் அவன் ஒழுங்காகவே ஆராதித்தான். அதுதான் அவனுடைய சிக்கல்.

இந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போது, அவன் தவறிய இடம் சேயீர் சிலைகள் என்றே பெரும்பாலோர் சொல்வார்கள். நான் அந்த நூறு தாலந்துக் கேள்வியிலேயே விரலை வைப்பேன். அவன் கீழ்ப்படிதலுக்கு அடியில் எப்போதும் ஒரு கணக்கேடு திறந்திருந்தது. கர்த்தர் தருவார் என்றால் கர்த்தர்; சேயீரின் தெய்வங்களால் அரசியல் லாபம் உண்டென்றால் அவையும் இருக்கட்டும்.

இப்போது உணர்ச்சியின் பக்கம் வருகிறேன், ஏனெனில் நான் சொன்னதை உணர்ச்சிக்கு எதிரான வழக்காக யாராவது எடுத்துக்கொள்ளக்கூடும். எங்கள் பக்கத்துப் பழைய சபைகளில் அந்த நோயும் உண்டு. ஒருவர் கொஞ்சம் சத்தமாக "அல்லேலூயா" சொன்னால் முன்வரிசை திரும்பிப் பார்க்கும். தாவீது உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்பாக நடனமாடியபோது ஜன்னலிலிருந்து பார்த்து அவமதித்த அவர் மனைவி மீகாளை வேதாகமம் பாராட்டவில்லை. பெத்தானியாவில் ஒரு ஸ்திரீ நளத தைலம் நிறைந்த வெள்ளைக்கல் பரணியை உடைத்து இயேசுவின் தலையில் ஊற்றியதும் அடக்கமான செயலன்று. நளதம் என்பது நம் நாட்டுமருந்துக் கடைகளில் சடாமாஞ்சில் என்று கிடைக்கும் இமயமலைச் செடியின் வேர்த்தண்டிலிருந்து வந்த வாசனை; இந்தியாவிலிருந்து வணிகர் கைமாறி மேற்கே போய்ச் சேரும்போது அதன் விலை எங்கோ ஏறியிருக்கும். முந்நூறு பணத்துக்கு மேல் பெறும் என்று அங்கிருந்தவர்கள் முறுமுறுத்தார்கள். அன்றைய கூலியாளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பணம் என்று வைத்தால் ஏறத்தாழ ஓராண்டு உழைப்பு. அவள் அழுதாளா என்று மாற்கு சொல்லவில்லை. பரணியை உடைத்தாள் என்று சொல்கிறார். மூடியைத் திறந்து ஊற்றியிருந்தால் மீதியை எடுத்து வைத்திருக்கலாம். உடைத்த பரணியில் மீதி நிற்காது. அமத்சியாவின் நூறு தாலந்துக் கேள்விக்கு எதிர்ப்புறத்தில் வைக்க இதைவிட நல்ல காட்சியை நான் அறியேன்.

கண்ணீர் வந்தால் வரட்டும், அது கொடை. வராவிட்டால் வரவழைக்க முயலாதீர்கள். இசைக்கருவிகளின் ஏற்ற இறக்கத்துக்கு அழுவது சிலருக்கு எளிது, சிலருக்கு இயலாது. உடல்வாகும் வளர்ப்பும் அதில் பாதி.

அடுத்து, பாதிப் பாட்டில் சமையல் நினைவுக்கு வருவது. இது கிறிஸ்தவ சபையின் மிகப் பழைய முறைப்பாடுகளில் ஒன்று. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரின் பேராயரான சிப்ரியான், 258இல் இரத்தசாட்சியாக மரித்தவர், ஜெபத்தைப் பற்றி எழுதும்போது, குருவானவர் ஜெபத்துக்கு முன் "இருதயங்களை உயர்த்துங்கள்" என்று சொல்வதும், ஜனங்கள் "கர்த்தரிடத்தில் உயர்த்தியிருக்கிறோம்" என்று மறுமொழி சொல்வதும் எதற்காக என்று விளக்குகிறார்: அந்த நேரத்தில் கர்த்தரைத் தவிர வேறெதையும் நினைக்கக்கூடாது என்று அவர்களுக்கு நினைவூட்டுவதற்காக. துன்புறுத்தலுக்கு நடுவே, உயிரைப் பணயம் வைத்து ஆராதனைக்கு வந்தவர்களுக்கே இந்த நினைவூட்டல் தேவைப்பட்டது என்றால், வீட்டில் பருப்பை ஊறவைத்துவிட்டு வந்த நமக்குத் தேவைப்படாதா? இன்றும் கத்தோலிக்கத் திருப்பலியிலும் தென்னிந்தியத் திருச்சபையின் நற்கருணை ஆராதனையிலும் இதே அழைப்பும் மறுமொழியும் தமிழில் வருகின்றன. அடுத்த முறை அந்த வரி வரும்போது, அது உங்களைப் போன்றவர்களை மனதில் வைத்தே இயற்றப்பட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள். சிதறுவது மனத்தின் இயல்பு. சிதறியதைக் கவனித்துத் திரும்பி வருவது ஆராதனையின் ஒரு பகுதி. இருபது முறை சிதறி இருபது முறை திரும்பினால், அந்த இருபது திரும்புதலும் ஆராதனையே.

சங்கீதம் 86:11இல் தாவீது கேட்பதைப் பாருங்கள்: "நான் உமது நாமத்திற்குப் பயந்திருக்கும்படி என் இருதயத்தை ஒருமுகப்படுத்தும்." தன்னால் அதைச் செய்ய முடியும் என்று அவர் நினைத்திருந்தால் விண்ணப்பமாகக் கேட்டிருக்கமாட்டார். மூலத்தில் இருக்கும் சொல் "ஒன்றாக்கும்" என்பது. முழு இருதயத்தை நாம் கொண்டுபோய்ச் சமர்ப்பிப்பதாகவே எப்போதும் பேசுகிறோம். உடைந்து கிடக்கும் துண்டுகளோடு போய் ஒன்றாக்கித் தரும்படி கேட்பதும் வேதாகமம் காட்டும் வழிதான். என் அனுபவத்தில் இதுவே பெரும்பாலோருக்குப் பொருந்தும் வழி.

தமிழில் நமக்கு இரண்டு நல்ல சொற்கள் வாய்த்திருக்கின்றன. சீர்திருத்த சபையார் "ஆராதனை" என்கிறோம். கத்தோலிக்கர் "வழிபாடு" என்ற சொல்லை அதிகம் ஆள்கிறார்கள். வழிபாடு என்றால் வழிப்படுதல், ஒருவர் போகும் வழியில் தன்னைப் படுத்திக்கொண்டு பின்செல்லுதல். எபிரெயத்தில் "அவோதா" என்ற ஒரே சொல் வயல்வேலையையும் தேவாலயப் பணிவிடையையும் குறிக்கிறது. பவுல் ரோமர் 12:1இல் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுப்பதையே "புத்தியுள்ள ஆராதனை" என்கிறார். சரீரம் என்றால் கை, கால், முதுகு, வாய். திங்கட்கிழமை காலை பேருந்தைப் பிடிக்க ஓடும் அதே சரீரம்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே எங்கள் ஆச்சியின் அடுக்களையில் பார்த்திருக்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்து ஊர்ச்சபைகளில் பிடியரிசி எடுத்து வைக்கும் வழக்கம் உண்டு. ஆச்சி உழக்கால் அரிசியை அளந்து சுளகில் கொட்டியதும், களைவதற்கு முன், வலது கையால் ஒரு பிடி அள்ளி அடுப்புக்கு மேல் மாடத்தில் இருந்த பால்மாவு டப்பாவில் போடுவார். உதடு அசையும், சத்தம் வராது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த டப்பா கோவிலுக்குப் போகும். மாதக் கடைசியில் அரிசிப்பானையின் அடி தெரிந்த ஒரு நாள், "இன்னைக்குப் போடாட்டி என்ன ஆச்சி?" என்று கேட்டேன். "குறையுதுன்னு இதுல மட்டும் குறைக்கலாமா? நாம ஆளுக்கு ஒரு வாய் கம்மியாத் தின்னா சரியாப்போச்சு" என்று சொல்லிவிட்டு, பிடியின் அளவைக்கூடக் குறைக்காமல் போட்டார். களைவதற்கு முன் எடுத்தார் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. சமைத்து, எல்லாரும் உண்டு, மீந்ததைக் கொடுப்பதும் தர்மம்தான். ஆனால் அது வேறு கணக்கு. ஆச்சி ஆலயத்தில் பாடும்போது இராகம் எங்கெங்கோ போகும். கண் கலங்கி நான் பார்த்த நினைவில்லை.

தனிமனிதரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பாதிதான் சொன்னதாகும். சபைக்கும் இரண்டு இருதயம் இருக்கக்கூடும். ஆமோஸ் 5ஆம் அதிகாரத்தில் கர்த்தர், உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று என்று சொல்லிவிட்டு, நியாயம் தண்ணீரைப்போல் புரண்டுவரட்டும் என்கிறார். அந்தப் பாடகர்கள் சுருதி தப்பியதாகவோ உற்சாகமின்றிப் பாடியதாகவோ ஆமோஸ் எங்கும் சொல்லவில்லை. நம் நாட்டில் இதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கத்தோலிக்க ஆலயம், சாதிவாரியாக மக்கள் பிரிந்து நிற்பதற்கென்றே இரண்டு கூடங்களாக அமைக்கப்பட்டது. இரு பக்கத்தாரும் ஒரே பீடத்தைப் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை. நடுவில் இருந்த தடுப்பு 1910இல்தான் அகற்றப்பட்டது. சீர்திருத்த சபையார் பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை: 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாடு ஒழிய வேண்டும் என்று கடிதம் அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் அதை எதிர்த்துச் சபையை விட்டு விலகியவர்கள் பலர். அவர்களுடைய பக்தியை நான் பொய் என்று சொல்லமாட்டேன். அவர்கள் நடுவில் அழகாகப் பாடியவர்களும் பாட்டு இயற்றியவர்களும் இருந்தார்கள். அமத்சியாவும் செம்மையானதைத்தான் செய்தான்.

வேறு சபைக்குப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் சபையில் வேதவசனம் போதிக்கப்படாமலோ, மனசாட்சிக்கு விரோதமானது நடந்தாலோ போவதைப் பற்றி யோசிக்கலாம். கண்ணீருக்காகப் போகாதீர்கள், புதிய இடத்தின் பாட்டும் பழகிவிடும், அப்போது மறுபடியும் சமையல் நினைவுக்கு வரும். அதற்குப் பதிலாக, மத்தேயு 5:23-24இல் இயேசு சொல்லும் ஒன்றைச் செய்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்தவனுக்கு, தன் சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று அங்கே நினைவுக்கு வருகிறது. ஆராதனை நடுவே நினைவு சிதறியவன்தான் அவனும்! அந்த நினைவைத் துரத்திவிட்டு ஜெபத்தில் கவனம் செலுத்து என்று இயேசு சொல்லவில்லை. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு, பின்பு வந்து செலுத்து என்கிறார். கலிலேயாவில் இதைக் கேட்டவர்களுக்கு எருசலேமின் பலிபீடம் சில நாள் நடைத்தூரத்தில் இருந்தது. போய்த் திரும்புவது என்றால் ஒரு வாரத்துக்குக் குறையாது.

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை பாட்டின் நடுவே மனம் எங்கே ஓடுகிறது என்று ஒரு முறை பின்தொடர்ந்து பாருங்கள். சாம்பாருக்குப் புளி கரைப்பதில் போய் நின்றால் சிரித்துக்கொண்டு பாட்டுக்குத் திரும்பிவிடுங்கள். ஒரு முகத்தில் போய் நின்றால், பேச்சுவார்த்தை நின்றுபோன நாத்தனாரோ, கூலி பாக்கி வைத்த வேலைக்காரம்மாவோ, யாராக இருந்தாலும், ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டு அங்கே போங்கள். மதியச் சமையல் அன்றைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகட்டும்.